காட்மியத்தின் சாட்சியம்

அணுக்கரு அதிரும் என்பதற்கு உதாரணம் கேட்டால், உலகெங்கும் முதுகலை இயற்பியல் வகுப்புகளில் அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சொல்லப்பட்டுவரும் விடை காட்மியம் என்பதே. நீலம் பாய்ந்த அந்த வெண்ணிற உலோகத்தின் 110, 112, 114 ஆகிய நிறையெண்களைக் கொண்ட ஐசோடோப்புகளின் ஆற்றல் நிலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கோடிட்டுக் காட்டும் படம், பாடநூல்களில் பதிப்புக்குப் பதிப்பு மாறாமல் இடம்பெற்று வந்திருக்கிறது. சேலத்திலோ நாமக்கல்லிலோ ஒரு மாணவர் அதைப் பரீட்சைத் தாளில் பிசகின்றி வரைந்துவிட்டால், அவருக்கு முழு மதிப்பெண் வழங்க எந்தத் தேர்வாளரும் தயங்கமாட்டார். ஆயினும், அப்படம் சொல்லும் கதை காட்மியத்துக்குப் பொருந்தவில்லை என்று, அந்த அணுக்கருக்களிலிருந்து வெளிப்படும் காமா கதிர்களை மிகுந்த பொறுமையோடு அளந்தவர்கள் 2008ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார்கள். பாடநூலின் உதாரணம் சரிந்த அந்த வரலாறு, பரீட்சை மதிப்பெண்ணையே கல்வியின் அளவுகோலாக்கிக் கொண்ட நமது இரண்டு மாவட்டங்களுக்கும் எவ்வளவு தூரம் உரியது என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் உத்தேசம்.

அதிர்வு என்பதன் தன்மையை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். திரவத்துளி ஒன்று தன் மேற்பரப்பில் எவ்வாறு அலைவுறும் என்பதை ராலே பிரபு 1879ஆம் ஆண்டிலேயே கணக்கிட்டிருந்தார். அணுக்கருவையும் மின்னூட்டம் பெற்ற ஒரு திரவத்துளியாகக் கருதலாம் என்ற எண்ணம் 1930களில் வலுப்பெற்றபோது, அத்துளியும் அலைவுற வேண்டும் அல்லவா என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது. நீல்ஸ் போரின் புதல்வரான ஆகே போர் 1952இலும், அவரும் பென் மாட்டல்சனும் சேர்ந்து 1953இலும் இதற்கு ஒரு முழுமையான சித்தாந்தத்தை வகுத்தார்கள். அப்பணிக்காக அவர்கள் இருவருக்கும், அவர்களோடு ஜேம்ஸ் ரெயின்வாட்டருக்கும், 1975ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. கோள வடிவான கரு ஒரு கணம் நீண்டும், மறுகணம் சப்பியும், மீண்டும் நீண்டும் துடிக்கிறது என்பதே அவர்கள் தீட்டிய சித்திரம். அத்துடிப்பின் வேகத்தை மனித மனம் நேராகப் பற்றிக்கொள்ள இயலாது. காட்மியம்-112இன் முதல் கிளர்ச்சி நிலைக்குரிய ஆற்றலை அதிர்வெண்ணாக மாற்றினால், ஒரு விநாடிக்கு ஏறத்தாழப் பதினைந்து லட்சம் கோடி கோடி முறை என்று வருகிறது.

குவாண்டம் விதிகளின்படி இவ்வதிர்வுக்கு ஆற்றலைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போக முடியாது. ஓர் அலகு, இரண்டு அலகு, மூன்று அலகு என்று முழு எண்ணாகவே கொடுக்க முடியும். ஆகவே சுத்தமான அதிர்வுக் கரு ஒன்று இருக்குமானால், அதன் இரண்டாம் நிலை முதல் நிலையைப் போல மிகச் சரியாக இரண்டு மடங்கு உயரத்தில் இருக்க வேண்டும். அவ்வுயரத்தில் ஒன்றல்ல, சுழற்சி எண் 0, 2, 4 உடைய மூன்று நிலைகள் ஒருங்கே அமைய வேண்டும். இரண்டாம் நிலையிலிருந்து முதல் நிலைக்கு இறங்கும் மாற்றத்தின் வலிமை, முதல் நிலையிலிருந்து அடிநிலைக்கு இறங்கும் வலிமையைப் போல இரு மடங்காக இருக்க வேண்டும். இந்த மூன்றாவது நிபந்தனையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். காட்மியத்தின் கதை திரும்புமிடம் அதுதான்.

இயற்கையில் அதிரும் பொருள்கள் யாவும் இப்படி முழு எண் விகிதத்தில் அதிரும் என்று நாம் எதிர்பார்ப்பது ஒரு பேராசை. சாதாரணப் பறையின் தோல் எழுப்பும் மேற்சுரங்கள் முழு எண் விகிதத்தில் அமைவதில்லை; மிருதங்கத்தின் வலந்தலையில் கருஞ்சாந்தை நடுவே அப்பி, அதன் கனத்தைப் படிப்படியாகக் குறைத்துப் பரப்பிய நம் முன்னோரின் கைத்திறனால்தான் அத்தோல் தந்திக்கருவியைப் போல இசைவான சுரங்களை எழுப்புகிறது என்பதை சர் சி. வி. ராமன் 1920ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். அணுக்கருவுக்குச் சாந்து பூசி அதை இசைவாக்குவதற்கு யாரும் இல்லை. அது தன் போக்கில் அதிர்கிறது. அதிர்கிறதா என்பதே சில இடங்களில் ஐயத்துக்குரியதாகவும் இருக்கிறது.

கிளர்ச்சியுற்ற கரு தன் மிகை ஆற்றலைக் காமா கதிராக வெளியிட்டு அடங்குகிறது. இரு நிலைகளுக்கு இடையே உள்ள ஆற்றல் வித்தியாசமே அக்கதிரின் ஆற்றல் என்பதால், கதிர்களை அளந்து வரிசைப்படுத்தினால் கருவின் நிலைகள் தாமாகவே வெளிப்படும். சொல்வதற்கு இது எளிது. இதற்கென்று பயன்படும் மிகத் தூய ஜெர்மானியம் படிகத்தைத் திரவ நைட்ரஜனால் ஏறத்தாழ மைனஸ் 196 டிகிரி செல்சியஸ் வரை குளிர்வித்து வைக்க வேண்டும். அவ்வாறு வைத்தால், 1332 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடைய ஒரு கதிரை, அதிலிருந்து இரண்டு மூன்று கிலோ எலெக்ட்ரான் வோல்ட் மட்டுமே விலகிய வேறொரு கதிரிலிருந்து அது பிரித்தறியும். படிகத்துக்குள் முழுவதும் அடங்காமல் சிதறி வெளியேறும் கதிர்கள் பொய்க் கணக்குக் காட்டாதபடி, அதைச் சுற்றிப் பிஸ்மத் ஜெர்மனேட் என்னும் மற்றொரு படிகத்தால் அரண் அமைப்பார்கள். அவ்வரணில் ஒரு துடிப்புப் பதிவானால் அந்தக் கணக்கைத் தள்ளிவிடுவார்கள். ஒரே கருவிலிருந்து அடுத்தடுத்து வரும் இரு கதிர்கள் ஒரே சமயத்தில் இரு கருவிகளில் பதிகின்றனவா என்று பார்த்து, எது எதன்மேல் நிற்கிறது என்பதை நிச்சயிப்பார்கள். கோடிக்கணக்கான இத்தகைய இணைப் பதிவுகளைச் சேர்த்த பிறகே ஒரு கருவின் நிலைப்படம் உருவாகிறது.

இம்முறையின் ஆரம்பக் கருவிகளைக் கொண்டு 1950களில் திரட்டப்பட்ட எண்களை ஒன்றாக அடுக்கிப் பார்த்தவர்களுள் முதன்மையானவர் கெர்ட்ரூட் ஷார்ஃப்-கோல்ட்ஹேபர் என்னும் பெண்மணி. ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்து, நாஜிகளிடமிருந்து தப்பி, அமெரிக்காவில் கணவர் பணிபுரிந்த பல்கலைக்கழகத்தில் மனைவிக்கும் ஊதியம் தரலாகாது என்ற விதியின் காரணமாகப் பல ஆண்டுகள் சம்பளமின்றியே ஆராய்ச்சி செய்தவர் அவர். 1955ஆம் ஆண்டில் அவரும் ஜோசப் வெனசரும் பல அணுக்கருக்களை ஒப்புநோக்கி, இரண்டாம் நிலைக்கும் முதல் நிலைக்கும் உள்ள ஆற்றல் விகிதம் பலவற்றில் ஏறத்தாழ 2.2 ஆக இருப்பதைச் சுட்டிக்காட்டினார்கள். சித்தாந்தம் சொல்லும் 2க்கு இது அண்மையில் இருந்தது. சுழலும் கருக்களுக்கு உரிய 3.33க்கு வெகுதொலைவில் இருந்தது. ஆகவே இவையே அதிரும் கருக்கள் என்ற நம்பிக்கை வேரூன்றிற்று. அவற்றுள்ளும் காட்மியமே உத்தம உதாரணமாகக் கொண்டாடப்பட்டது.

காட்மியம்-112இன் எண்களைப் பாருங்கள். முதல் நிலை 617 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டில் இருக்கிறது. அதன் இரு மடங்கு 1234. அதை ஒட்டி 1224, 1312, 1416 என்று, சுழற்சி எண் முறையே 0, 2, 4 உடைய மூன்று நிலைகள், சித்தாந்தம் கட்டளையிட்டபடியே வந்து நிற்கின்றன. இதைக் காணும் எவருக்கும் மனம் இளகாமல் இராது. அதே பகுதியில் 1433, 1469 என்று, அழைக்கப்படாத இரண்டு நிலைகளும் இருந்தன. அவற்றை வேறொரு வம்சத்திலிருந்து புகுந்தவை என்று சொல்லி ஒதுக்கிவைத்தார்கள். சுத்தமாக அதிரும் கருவின் முதல் நிலைக்கு நான்முனைத் திருப்புத்திறன் (கோள வடிவிலிருந்து விலகும் அளவு) சுழியமாக இருக்க வேண்டும் என்பது சித்தாந்தம்; காட்மியம்-114இல் அது சுழியமாக இல்லை என்பது 1960களிலேயே அளக்கப்பட்டுவிட்டது. அதற்கும் சமாதானம் சொல்லப்பட்டது. மூன்று கோடுகளும் படத்தில் அழகாக இருந்தன. அவற்றை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

வலிமையை அளக்கும் வேலைதான் மீதமிருந்தது. அதில் ஒரு பெரிய இடர் உண்டு. இவ்வகைக் காமா மாற்றத்தின் நிகழ்தகவு, கதிர் ஆற்றலின் ஐந்தாம் அடுக்கைப் பொறுத்தது. ஒரு நிலையிலிருந்து 1200 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் கீழே இறங்குவதற்கு ஒரு வழியும், 300 மட்டும் இறங்குவதற்கு மற்றொரு வழியும் இருந்து, இரண்டின் உள்ளார்ந்த வலிமையும் சமமாகவே இருந்தாலும், சிறிய கதிர் பெரிய கதிரைக் காட்டிலும் 1024 மடங்கு அரிதாகவே வெளிவரும். அதிர்வுச் சித்தாந்தத்தைப் பரீட்சிப்பதற்கு வேண்டியதோ பெரும்பாலும் அந்தச் சிறிய கதிர்தான். அது மற்றக் கதிர்களின் சிதறலுக்கு அடியில் மூழ்கிக் கிடக்கும். ஆகவே அரை நூற்றாண்டுக் காலம் அதை ஒருவரும் சரிவர எண்ணவில்லை. எண்ணாத இடங்களில் சித்தாந்தம் சொன்னதே இருக்கும் என்று கொண்டார்கள்.

கென்டக்கி பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் யேட்ஸ் குழுவினர் காட்மியத்தின்மேல் நியூட்ரான்களை மோதச் செய்து, பின்வாங்கும் கருவின் வேகத்தால் காமா கதிரின் ஆற்றலில் ஏற்படும் டாப்ளர் பெயர்ச்சியைக் கொண்டு, நிலைகளின் ஆயுட்காலத்தைக் கணக்கிட்டார்கள். ஒரு விநாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற அளவில் இருப்பவை அவ்வாயுட்காலங்கள். கனடாவில், வான்கூவரில் உள்ள டிரையம்ஃப் ஆய்வுக்கூடத்தில், இருபது ஜெர்மானியக் கருவிகளைக் கோள வடிவில் அமைத்த எட்டு-பை என்னும் அளவைமானியைக் கொண்டு, குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் காரெட்டும் அவருடைய சகாக்களும் காணக்கிடைக்காத அந்த மெல்லிய கதிர்களைத் தேடினார்கள். தேடிக் கண்டபோது வலிமைகள் பொருந்தவில்லை. இரு அலகு, மூன்று அலகு அதிர்வு என்று பெயர் சூட்டப்பட்டிருந்த நிலைகளுள் சில, சித்தாந்தம் விதித்த வழியில் இறங்க மறுத்தன. விதித்ததைவிட மிகச் சிறிய வலிமையோடு இறங்கின. வேறு நிலைகளின்பால் விருப்பம் காட்டின. காரெட், கிரீன், வுட் ஆகிய மூவரும் 2008இல் வெளியிட்ட கட்டுரை, காட்மியம்-110 முதல் 116 வரை அதிர்வியக்கம் முறிந்துவிட்டது என்பதைத் தன் தலைப்பிலேயே சொல்லிற்று. 2019இல் வெளியான மற்றொரு கட்டுரையில் காரெட் குழுவினர் இதற்கு ஒரு விளக்கமும் தந்தார்கள்: ஒரே காட்மியக் கருவுக்குள் வெவ்வேறு உருவங்கள், ஏறத்தாழ ஒரே ஆற்றலில், அருகருகே குடியிருக்கின்றன என்பது அது. ஜெரூசலேமில் உள்ள ஹீப்ரு பல்கலைக்கழகத்தின் லெவியட்டனும் அவரைச் சார்ந்தவர்களும், பெரும்பாலான நிலைகளில் அதிர்வின் ஒழுங்கு இன்னமும் எஞ்சியிருக்கிறது, சிலவற்றில் மட்டுமே குலைந்திருக்கிறது என்று வேறு விதமாக வாதிக்கிறார்கள். எது நிலைக்கும் என்பதை மேலும் அளந்துதான் முடிவு செய்ய வேண்டும்.

இங்கே நம் ஊருக்கு வருகிறேன். நாமக்கல் என்றால் தமிழகம் முழுவதும் முட்டையும் லாரியும் நினைவுக்கு வருவது போலவே, விடுதிப் பள்ளிகளும் நினைவுக்கு வருகின்றன. பிளஸ் டூ தேர்வில் மாநில அளவில் முதலிடங்களை ஆண்டுதோறும் அள்ளிச் சென்ற இப்பள்ளிகளைக் கல்வியாளர்கள் பிராய்லர் பள்ளிகள் என்று ஏளனமாக அழைத்ததும், அவற்றுள் சிலவற்றில் பிளஸ் ஒன் பாடத்தைத் தொட்டும் தொடாமலும் விட்டுவிட்டு இரண்டு ஆண்டுகளும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்த வழக்கமும், அவ்வழக்கத்தைத் தடுப்பதற்காக 2017ஆம் ஆண்டில் தமிழக அரசு தரவரிசை வெளியிடுவதை நிறுத்தி, பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வைக் கொண்டுவந்ததும் யாவரும் அறிந்தவை. ஏளனம் செய்தவர்களோடு நான் முழுவதும் சேரவில்லை. மரவள்ளிக் காட்டில் உழைத்தவரின் மகளும், சங்ககிரியில் லாரி ஓட்டியவரின் மகனும் மருத்துவர்களாகவும் பொறியாளர்களாகவும் ஆனதற்கு அப்பள்ளிகள் வழியமைத்தன என்பதை மறுப்பது நன்றி கெட்ட செயலாகும். என் மனக்குறை வேறு. பாடநூலில் உள்ளதைப் பிசகின்றித் திருப்பித் தருவதில் நிகரற்ற பயிற்சி பெற்ற அம்மாணவர்கள், பாடநூல் பிசகும்போது அதைக் கண்டுகொள்வதற்கு எந்தப் பயிற்சியும் பெறவில்லை. காட்மியத்தின் மூன்று கோடுகளை அவர்கள் அற்புதமாக வரைவார்கள். ஒதுக்கப்பட்ட அந்த இரண்டு கோடுகள் ஏன் ஒதுக்கப்பட்டன என்று கேட்பதற்கு வினாத்தாளில் இடமில்லை.

இதே நாமக்கல்லின் நாமகிரித் தாயார் ஒரு குடும்பத்தின் குலதெய்வமாக இருந்தாள். அக்குடும்பத்தில் 1887ஆம் ஆண்டு ஈரோட்டில் பிறந்த ஒரு பிள்ளை, கணிதம் தவிர வேறு பாடங்களில் சிரத்தை காட்டாமல், கும்பகோணத்திலும் சென்னையிலும் எஃப்.ஏ. பரீட்சையில் தேறாமலேயே போனார் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. சீனிவாச ராமானுஜனின் கனவுகளைப் பற்றியும், கடல் கடந்து செல்லத் தாயார் உத்தரவு தந்ததாக அவருடைய அன்னை கண்ட கனவைப் பற்றியும் வேண்டிய அளவு எழுதப்பட்டுவிட்டது. ஆனால் அவருடைய கணிதம் அணுக்கருவின் அதிர்வுக்குள் நேராகப் புகுந்த செய்தி நம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை.

ஒரு முழு எண்ணை, அதைத் தனியே எழுதுவதையும் ஒரு விதமாகக் கொண்டு, நேர் முழு எண்களின் கூட்டாக எத்தனை விதமாக எழுதலாம் என்பது பழைய கேள்வி. 4ஐ ஐந்து விதமாக எழுதலாம். 10ஐ 42 விதமாக எழுதலாம். 100ஐயோ 19 கோடியே 5 லட்சத்து 69 ஆயிரத்து 292 விதமாக எழுதலாம். எண் பெரிதாகும்போது இத்தொகை எவ்வளவு வேகமாகப் பெருகும் என்பதற்கான சூத்திரத்தை ராமானுஜனும் ஹார்டியும் 1918இல் வெளியிட்டார்கள். அது யாதொரு பயனும் கருதாத சுத்த கணிதம். பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1937இல், நீல்ஸ் போரும், மறு ஆண்டே இளவயதில் மறைந்த ஃபிரிட்ஸ் கால்க்கரும், ஓர் அணுக்கருவுக்குக் கொடுக்கப்பட்ட ஆற்றல் அதன் பல்வேறு அதிர்வுகளுக்கிடையே எத்தனை விதமாகப் பங்கிடப்படலாம் என்று யோசித்தார்கள். அதிர்வுகளின் ஆற்றல்கள் ஏதோ ஓர் அலகின் முழு மடங்குகள் என்று தோராயமாக வைத்துக்கொண்டால், அது ஓர் எண்ணைச் சிறிய எண்களாகப் பிரிக்கும் அதே கேள்வி அல்லவா? கோபன்ஹேகனில் இருந்த அவ்விருவரும் ஹார்டி–ராமானுஜன் சூத்திரத்தை அப்படியே எடுத்தாண்டார்கள். ஆற்றல் ஏற ஏறக் கருவின் நிலைகள் ஏன் அவ்வளவு நெருக்கமாகக் குவிகின்றன என்பதற்கு அதிலிருந்து விடை கிடைத்தது. பரீட்சையில் தோற்ற அம்மனிதர் காலமாகிப் பதினேழு ஆண்டுகள் சென்ற பின் நடந்தது இது.

தத்துவம் பேசுவதற்காக இதை எடுத்துச் சொல்லவில்லை. கேட்பதற்கு ஒரு குறிப்பான காரியம் இருக்கிறது. அணுக்கருவின் கதிர்களை அளக்கும் வேலை நம் நாட்டுக்குப் புதிதன்று. கொல்கத்தாவின் சைக்ளோட்ரான் 1977 முதல் இயங்கிவருகிறது. அங்கே பேரியம் ஃபுளூரைடு படிகங்களை அடுக்கி அமைத்த லாம்டா என்னும் தொகுதியில், புரோட்டான்கள் ஒரு பக்கமும் நியூட்ரான்கள் மறுபக்கமுமாக ஒன்றையொன்று எதிர்த்து அலையும் மாபெரும் இருமுனை ஒத்ததிர்வை ஆராய்கிறார்கள். காட்மியத்தின் அதிர்வைக் காட்டிலும் இருபது மடங்குக்கும் மேல் ஆற்றல் உடையது அது. மும்பையிலும் டெல்லியிலும் பெல்லட்ரான் முடுக்கிகள் இருக்கின்றன. டெல்லியில் இருக்கும் பல்கலைக்கழகங்களுக்கிடை முடுக்கி மையம், பல்கலைக்கழக மாணவர்களுக்கென்றே 1984ஆம் ஆண்டில் பல்கலைக்கழக மானியக் குழுவால் நிறுவப்பட்டது. இந்திய தேசிய காமா தொகுதி என்று பெயரிய, இருபத்துநான்கு க்ளோவர் கருவிகள் வரை அமைக்கத்தக்க ஏற்பாடு, மூன்று நகரங்களுக்கும் முறை வைத்துச் சென்று வருகிறது. க்ளோவர் ஒவ்வொன்றிலும் நான்கு ஜெர்மானியப் படிகங்கள் உண்டு. சேலத்து மாணவர் ஒருவர் அங்கே போய் இரவு முறையில் அமர்ந்து அளவெடுக்கச் சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை. தடை இருப்பது அவருடைய பயிற்சியில். ஏனெனில் காமா கதிரை அவர் படமாகவே பார்த்திருக்கிறார்.

அப்பயிற்சியை இங்கேயே தொடங்கலாம். சோடியம் அயோடைடு படிகமும், அதன் ஒளியைத் துடிப்பாக்கும் குழாயும், பல்வழிப் பகுப்பானும் கொண்ட சாதாரண அளவைமானி ஒன்று போதும். ஜெர்மானியத்தின் கூர்மை இதற்கு இல்லை. திரவ நைட்ரஜனும் வேண்டியதில்லை. முதல் பரிசோதனைக்குக் கதிரியக்க மூலமே தேவையில்லை. மரவள்ளிக்கு இடும் பொட்டாஷ் உரம் ஒரு கிலோவை அக்கருவியின் அருகில் வைத்தால், அதிலுள்ள பொட்டாசியம்-40 விநாடிக்கு ஏறத்தாழப் பதினாறாயிரம் முறை சிதைகிறது. அவற்றுள் பத்தில் ஒரு பங்கு ஆர்கான்-40இன் முதல் கிளர்ச்சி நிலைக்குப் போய், 1461 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் கதிரை வெளியிட்டு அடங்குகிறது. உரத்தை எடுத்துவிட்டாலும் அக்கோடு முற்றிலும் மறையாது. நாமக்கல் மலைப்பாறையிலும், சுவரின் செங்கல்லிலும், அளப்பவரின் உடலிலும் அதே பொட்டாசியம் இருக்கிறது. வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் விநாடிக்கு நாலாயிரம் சிதைவுகள் வரை நிகழ்கின்றன. கதிரியக்கம் என்ற சொல்லைக் கேட்டவுடன் அஞ்சுவதும், பழைய இரும்போடு வந்த மூலம் எதுவென்று அறியாமல் கையால் தொடுவதும், இரண்டுமே அறியாமையின் விளைவுகள். 2010இல் டெல்லி மாயாபுரியின் பழைய இரும்புக் கடைகளுக்கு வந்துசேர்ந்த கோபால்ட்-60ஆல் ஓர் உயிர் போயிற்று. உருக்காலை உள்ள ஊராகிய சேலத்துக்கு இது அந்நியமான செய்தி அன்று.

இரண்டாவது பரிசோதனையே என் வாதத்துக்கு முக்கியமானது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகளுக்கு உட்பட்டு, கற்பிப்பதற்கென்றே கிடைக்கும் மிகச் சிறிய கோபால்ட்-60 மூலம் ஒன்றை வைத்தால், திரையில் 1173, 1332 என்று இரண்டு சிகரங்கள் எழும். கோபால்ட் சிதைந்து நிக்கல்-60 ஆகிறது. நிக்கலின் 4 என்னும் சுழற்சி எண் உடைய நிலையிலிருந்து 2க்கும், 2இலிருந்து சுழியமாகிய அடிநிலைக்கும் இறங்கும்போது வெளிப்படுபவை அவ்விரு கதிர்கள். நிக்கல்-60ஐயும் அதிர்வுக் கருவாகக் கருதிய காலம் உண்டு. அது சுத்தமாக அதிருமானால் இரண்டு கதிர்களும் ஒரே ஆற்றலோடு ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருக்க வேண்டும். திரையில் ஒரே சிகரம்தான் தெரிந்திருக்கும். இரண்டு தெரிகின்றன. இடையே 159 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் வித்தியாசம். சித்தாந்தத்துக்கும் இயற்கைக்கும் நடுவே உள்ள அந்த இடைவெளியைப் பார்ப்பதற்கு வான்கூவருக்குப் போக வேண்டியதில்லை. இளங்கலை மாணவர் ஒருவர் ஒரு பிற்பகலில் தம் கண்ணாலேயே காணலாம்.

ஒரு கல்லூரி இன்னொரு கருவியையும் வாங்க முடியுமானால், இரு கதிர்களையும் ஒரே சமயத்தில் பிடித்து, கருவிகளுக்கிடையே உள்ள கோணத்தை மாற்றி மாற்றி எண்ணச் செய்யலாம். எதிரெதிராக வைத்தபோது கிடைக்கும் இணைப் பதிவுகள், செங்கோணத்தில் வைத்தபோது கிடைப்பதைவிட ஆறில் ஒரு பங்கு அதிகம். அந்த ஆறில் ஒரு பங்கிலிருந்துதான் சுழற்சி எண்கள் 4, 2, 0 என்ற வரிசையில் இறங்குகின்றன என்பது உறுதியாகிறது. போதுமான எண்ணிக்கை சேராமல் இந்தச் சிறு வித்தியாசம் தலைகாட்டாது. அவசரப்படும் மாணவருக்குக் கிடைப்பது வெறும் சிதறல். பொறுமையோடு இரவெல்லாம் எண்ணவிட்டவருக்குக் கிடைப்பது விடை.

இதனால் வேலைவாய்ப்பு உண்டா என்று பெற்றோர் கேட்பார்கள். மருத்துவமனைகளின் கதிர்வீச்சுப் பிரிவுகளிலும், உருக்காலைகளிலும், துறைமுகங்களிலும் காமா அளவை தெரிந்தவர்களுக்கு வேலை உண்டு என்று பதில் சொல்லலாம். ஆனால் இந்த வாதத்தை அதன்மேல் நிறுத்த எனக்கு விருப்பமில்லை. ராமானுஜனும் ஹார்டியும் எண்களைப் பிரித்தபோது கோபன்ஹேகனில் அதற்கு ஒரு வேலை காத்திருக்கிறது என்று அறியவில்லை. பணமில்லை என்ற பதிலும் எனக்குச் சமாதானமாகவில்லை. நுழைவாயில் வளைவுகளுக்கும் சலவைக்கல் அரங்குகளுக்கும் செலவிடும் கல்லூரிகள் இப்பகுதியில் ஏராளம். குறைந்த செலவில் பரிசோதனைக் கருவிகளை அமைப்பதற்கு டெல்லி முடுக்கி மையமே ஃபீனிக்ஸ் என்ற திட்டத்தின் வழியாகக் கல்லூரி ஆசிரியர்களுக்கு வழிகாட்டியிருக்கிறது.

ஆகவே சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கல்லூரிகளுக்குப் பாடத்திட்டம் வகுக்கும் பெரியார் பல்கலைக்கழகத்தின் பாடக்குழுவிடம் இரண்டு விண்ணப்பங்கள் வைக்கிறேன். செய்முறைத் தேர்வில் கோபால்ட் பரிசோதனையைக் கட்டாயமாக்கி, மாணவர் தாம் அளந்த விகிதத்தையும் அதன் பிழை எல்லையையும் எழுதினால், அது புத்தக எண்ணோடு ஒத்தாலும் ஒவ்வாவிட்டாலும், அளந்த முறைக்கே மதிப்பெண் தர வேண்டும் என்பது ஒன்று. முதுகலைத் தேர்வில் காட்மியத்தின் அதிர்வு நிலைகளை வரைக என்று கேட்பதை விட்டுவிட்டு, காட்மியம்-112இன் நிலைகளையும் அவற்றுக்கிடையே அளக்கப்பட்ட மாற்ற வலிமைகளையும் ஓர் அட்டவணையாகக் கொடுத்து, இக்கரு அதிர்கிறதா, காரணம் காட்டுக என்று கேட்க வேண்டும் என்பது மற்றொன்று. அத்தகைய வினாவுக்கு விடைக்குறிப்புத் தயாரிப்பவர் சற்றே சிரமப்படுவார். குவெல்ஃபிலும் ஜெரூசலேமிலும் விவாதம் நடந்துகொண்டிருக்கும் வரையில், சரியான விடை இதுதான் என்று ஒரே வரியை அவரால் அச்சிட்டு அனுப்ப முடியாது.